டிஃப்ராக் போட்டால் சரியாகிவிடுமா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறி மிக மெதுவாக இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும், திரையில் அந்தச் சிறு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் முறையிடுகிறீர்கள். பழுது பார்க்கும் கடைக்காரரைக் கேட்கிறீர்கள். கொஞ்சம் விவரம் தெரிந்த மாமாவைக் கேட்கிறீர்கள். மூவரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: "ஒரு தடவை டிஃப்ராக் போட்டு விடு, சரியாகிவிடும்."

இந்த மருந்தைப் பல ஆண்டுகள் நானும் சொல்லி வந்தவன்தான். அறிவியல் ஆசிரியர் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளிக் கணிப்பொறி அறையின் சாவி என் கைக்கு வந்தது. அதோடு, எந்தக் கணிப்பொறி மந்தமானாலும் என்னைத் தேடி வரும் வழக்கமும் வந்தது. நான் டிஃப்ராக் போடுவேன். சில சமயம் சரியானது போலிருக்கும். ஆகாவிட்டால், "பழைய பெட்டி, அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இன்று என் கருத்து வேறு. நோய் இன்னதென்று பாராமல் டிஃப்ராக் போடுவது பெரும்பாலும் வீண் வேலை. சில வேளைகளில் பெரும் கேட்டிலும் முடியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும்படி விளக்குகிறேன்.

முதலில், டிஃப்ராக் என்பது என்ன? டிஃப்ராக்மென்ட் என்ற சொல்லின் சுருக்கம் அது. சிதறிய துண்டுகளை ஒன்று சேர்த்தல் என்று பொருள் கொள்ளலாம். எவை சிதறின, ஏன் சிதறின என்று தெரிய ஓர் இரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் புறப்படும்போது நாற்பது பேர் கொண்ட ஒரு கல்யாணக் கூட்டம் ஒரே பெட்டியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் சித்தப்பா பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் வேலை முடிந்தது. விழுப்புரத்தில் எல்லாப் பெட்டிகளிலும் அங்கங்கே சிலர் இறங்குகிறார்கள். திருச்சியில் மேலும் சிலர். அங்கே ஏறுகிற இன்னொரு கல்யாணக் கூட்டத்துக்கு நாற்பது இருக்கைகள் ஒரே இடத்தில் கிடைக்குமா? மூன்று பேர் இங்கே, ஏழு பேர் அடுத்த பெட்டியில், இரண்டு பேர் கடைசிப் பெட்டியில் என்று காலி இடங்களில் பிரிந்துதான் உட்கார வேண்டும். அவர்களுக்குப் பொட்டலம் கொடுக்கப் போகிறவர் பாடு திண்டாட்டம்.

கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க்கிலும் இதே கதைதான். வட்டின் பரப்பு சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நீங்கள் ஒரு கோப்பை அழிக்கும்போது சில கட்டங்கள் காலியாகின்றன. பிறகு சேமிக்கும் பெரிய கோப்பு ஒன்று அந்தக் காலி இடங்களில் துண்டு துண்டாகப் போய் உட்காரக்கூடும். எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியல் தனியே இருப்பதால் கோப்பு தொலைந்துவிடுவதில்லை. ஆனால் அதைப் படிக்க வட்டின் பல இடங்களுக்கும் போக வேண்டும். டிஃப்ராக் செய்வது, பயணிகள் எல்லோரையும் எழுப்பி இடம் மாற்றி, ஒரு கூட்டத்தாரை ஒரே இடத்தில் உட்கார வைப்பது போன்றது.

போவது யார்? அங்கேதான் இயற்பியல் வருகிறது. ஹார்டு டிஸ்க்கினுள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல், ஒரு கையின் நுனியில், படிக்கும் தலை மிதக்கிறது. தலைக்கும் வட்டுக்கும் உள்ள இடைவெளி நம் தலைமயிரின் பருமனைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. ஒரு துண்டைப் படிக்க வேண்டுமானால் கை நகர்ந்து உரிய தடத்துக்குப் போக வேண்டும். பிறகு வட்டு சுழன்று, வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் பொருள்களின் அசைவு. மின்சாரத்தின் வேகம் இங்கே செல்லாது. 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டு இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள் இருந்தன. மொத்தம் 50 இலட்சம் எழுத்துக்களைத்தான் அது தாங்கும். ஓர் இடத்தைத் தேடிப் போக அதற்குச் சராசரியாக அரை விநாடிக்கு மேல் பிடித்தது. அந்த இயந்திரம் இன்று காட்சிப் பொருள். ஆனால் கை நகர்வதும் வட்டு சுழல்வதும் சுழலும் வட்டுகளில் இன்றும் மாறவில்லை.

டிஃப்ராக் என்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அது பிறந்த காலத்தில் மிக நியாயமான மருந்து. 1983-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. என்ற கணிப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்த வட்டின் கொள்ளளவு 10 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அது நிரம்பிவிடும். அதன் கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகச் சராசரியாக 85 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு தாவல்களிலேயே ஒரு விநாடி போய்விடும். படித்ததை வைத்துக்கொள்ள நினைவகமோ சில நூறு கிலோபைட் மட்டுமே. அப்படிப்பட்ட பொறியில் சிதறிய கோப்புகளை ஒன்று சேர்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. 1993-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எம்.எஸ்.-டாஸ் 6 உடன் டிஃப்ராக் நிரலையும் சேர்த்தே கொடுத்தது. விண்டோஸ் 95 வந்தபோது திரையில் வண்ணச் சதுரங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறும் காட்சியும் வந்தது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஏதோ பெரிய காரியம் நடக்கிறது என்ற திருப்தியை அந்தச் சதுரங்கள் தந்தன. இந்த மருந்து இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அந்தத் திருப்தியும் ஒரு காரணம் என்பது என் ஐயம்.

இப்போது கணக்கு. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டிலிருந்து மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறிகளை வழங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் சுழலும் வட்டுகளே இருந்தன. அக்காள் படித்து முடித்ததைத் தம்பி வைத்திருக்கும் வீடுகள் பல. அத்தகைய மடிக்கணிப்பொறி வட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுழலும். விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலைக்கடியில் வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அது ஏறத்தாழ 5.5 மில்லி விநாடி. கை நகரச் சுமார் 12 மில்லி விநாடி. ஆக ஒரு தாவலுக்கு 18 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். தாவாமல் நேராகப் படித்தால் இந்த வட்டு விநாடிக்கு 100 மெகாபைட் தரும் என்றும் கொள்வோம்.

50 மெகாபைட் உள்ள ஒரு கோப்பு ஒரே துண்டாக இருந்தால் அரை விநாடியில் படித்துவிடலாம். அதுவே 2,000 துண்டுகளாகச் சிதறியிருந்தால்? 2,000 தாவல், தாவலுக்கு 18 மில்லி விநாடி: 36 விநாடி! எழுபது மடங்குக்கு மேல் தாமதம். டிஃப்ராக் கட்சியினர் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள். கணக்குச் சரியானதே. ஆனால் அதே கோப்பு 20 துண்டுகளாக இருந்தால் கூடுதல் நேரம் மூன்றில் ஒரு விநாடிக்குச் சற்று மேல், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு துண்டே 64 மெகாபைட் அளவு பெரியதாக இருந்தால், அதைப் படிக்க ஆகும் நேரம் 640 மில்லி விநாடி, தாவலுக்கு 18. நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. அதனால்தான் 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை ஒட்டுவதில் பயனில்லை என்று டிஃப்ராக் நிரலே அவற்றை விட்டுவிட்டது. அதே விண்டோஸ் வாரம் ஒருமுறை தானாகவே டிஃப்ராக் செய்துகொள்ளும் ஏற்பாட்டோடும் வந்தது. ஆகவே அண்மைக் காலத்துக் கணிப்பொறி ஒன்றில் 2,000 துண்டுகளாகச் சிதறி நிற்கும் கோப்பைக் காண்பது எளிதல்ல. வட்டு ஏறத்தாழ முழுவதும் நிரம்பிக் காலி இடமே இல்லாத நிலையில்தான் அப்படி நேரும். அந்த நிலைக்கு முதல் மருந்து, வேண்டாதவற்றை அழித்து இடம் உண்டாக்குவது. இடமில்லாத இரயிலில் பயணிகளை மாற்றி உட்கார வைக்க முடியாது அல்லவா?

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இது எனக்கே வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. கணிப்பொறி விழித்தெழும்போது படிப்பது ஒரு பெரிய கோப்பையா? இல்லை. ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளை. 5,000 சிறு கோப்புகள் என்று கொள்ளுங்கள். டிஃப்ராக் போட்ட பிறகு ஒவ்வொன்றும் ஒரே துண்டாக, முழுமையாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தலை தாவியாக வேண்டும். 5,000 தாவலுக்கு 90 விநாடி! ஒவ்வொரு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்திருந்தாலும், அந்தக் குடும்பங்கள் இரயில் நெடுகிலும் பரவியிருந்தால் சித்தப்பா நடந்துதான் தீர வேண்டும். இதை உணர்ந்துதான் 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி., தொடக்கத்தில் படிக்கும் கோப்புகளை வரிசைப்படி அருகருகே வைக்க முயன்றது. ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் நாம் நாளுக்கு ஒரு நிரலை நிறுவிக்கொண்டே போகும்போது அந்த வரிசை எவ்வளவு நாள் தாங்கும்? 'சிதறல் 0 விழுக்காடு' என்று காட்டும் வட்டிலும் கணிப்பொறி ஆமையாக நடப்பதன் இரகசியம் இதுதான். நோய், கோப்பு சிதறியதில் இல்லை. தலை நடக்க வேண்டியிருப்பதே நோய்.

தலையே இல்லாத வட்டு வந்தால்? வந்துவிட்டது. வழக்கத்தால் அதையும் வட்டு என்கிறோமே தவிர, அதில் வட்டமாக எதுவும் இல்லை. எஸ்.எஸ்.டி. எனப்படும் திட வட்டில் சுழல்வதும் நகர்வதும் எதுவுமில்லை. உள்ளே இருப்பவை சில்லுகள் மட்டுமே. 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃப்ளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. உங்கள் பென் டிரைவிலும் கைப்பேசியிலும் இருப்பது அதுவே. எந்த இடத்தைக் கேட்டாலும் மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வரும். மேலே கண்ட 2,000 துண்டுக் கோப்புக்கு 36 விநாடிக்குப் பதிலாக 0.2 விநாடிதான் கூடுதல். கண்ணை ஒருமுறை சிமிட்டும் நேரம்.

அது மட்டுமன்று. திட வட்டினுள் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. எழுதச் சொன்ன செய்தியை எந்தச் சில்லில், எந்த மூலையில் வைப்பது என்பதை அதுவே முடிவு செய்கிறது. கணிப்பொறி கேட்பது 100-ஆம் எண் வீட்டை. அந்த வீடு உண்மையில் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது கட்டுப்பாட்டுச் சில்லுக்கு மட்டுமே தெரியும். ஆகவே டிஃப்ராக் நிரல் 'அருகருகே வைத்துவிட்டேன்' என்று மகிழ்ந்தாலும், உள்ளே அவை அருகருகே இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று: ஃப்ளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட அளவு தடவைதான் அழித்தெழுத முடியும். சில ஆயிரம் தடவை, சில வகைகளில் அதற்கும் குறைவு. ஒருமுறை டிஃப்ராக் போட்டால் திட வட்டு செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது மிகை. ஆனால் பயனில்லாத ஒரு வேலைக்காக அதன் ஆயுளில் ஒரு துளியைச் செலவிடுவானேன்? 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதற்கொண்டே விண்டோஸ் திட வட்டை அடையாளம் கண்டு வேறுவிதமாக நடத்தத் தொடங்கிவிட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8, டிஃப்ராக் என்ற பெயரையே 'ஆப்டிமைஸ்' என்று மாற்றியது. திட வட்டுக்கு அது முக்கியமாகச் செய்வது, காலியான இடங்கள் எவை என்று வட்டுக்குத் தெரிவிப்பது. மிக அதிகமாகச் சிதறிய கோப்பைப் பதிவு செய்ய முடியாமல் போகும் என்பதற்காக, சில அமைப்புகளில் திட வட்டையும் விண்டோஸ் தானே எப்போதாவது டிஃப்ராக் செய்வதுண்டு. அதை அதன் போக்கில் விடுங்கள். நீங்கள் பொத்தானை அழுத்தத் தேவையில்லை.

"அப்படியானால் என் கணிப்பொறி ஏன் மெதுவாக இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மெதுவாக இருக்கும் கணிப்பொறி எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். மையச் செயலகம், நினைவகம், வட்டு ஆகியவை எத்தனை விழுக்காடு வேலையில் மூழ்கியுள்ளன என்று அது காட்டும். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் இதை ஐந்து நிமிடம் பாருங்கள்.

பெரும்பாலான பழைய பொறிகளில் நான் கண்டது நினைவகப் பஞ்சம். 2 ஜிகாபைட் ராம் உள்ள பொறியில் இணைய உலாவியைத் திறந்து நான்கு பக்கங்களைப் போட்டால் ராம் நிரம்பிவிடும். நிரம்பியதும் கணிப்பொறி, உடனடியாக வேண்டாதவற்றை வட்டுக்கு அனுப்பிவிட்டு வேண்டியதை உள்ளே கொண்டுவரும். நீங்கள் அடுத்த பக்கத்துக்கு மாறியதும் இதை அனுப்பி அதைக் கொண்டுவரும். சிறிய சமையல் மேடையில் விருந்து சமைப்பது போல: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இடம் வேண்டி இன்னொன்றை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு வரவேண்டும். ஒரு கட்டத்தில் சமையல் நின்றுவிடும், பாத்திரம் தூக்குவதே வேலையாகிவிடும். இந்த நிலையை 1968-ஆம் ஆண்டிலேயே பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து எழுதினார். டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 விழுக்காடு வேலை செய்வதாகக் காட்டும். பார்ப்பவர் "வட்டுதான் கோளாறு, டிஃப்ராக் போடு" என்பார். திண்ணையைப் பெருக்கினால் மேடை பெரிதாகுமா?

மின்விசிறியில் தூசி அடைத்துச் சூடேறும் பொறியும் உண்டு; சூடு அதிகமானால் மையச் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பொறி தொடங்கும்போதே தானும் தொடங்கும் இருபது நிரல்கள், ஒன்றுக்கு இரண்டாக நிறுவப்பட்ட வைரஸ் தடுப்பான்கள், 'உங்கள் கணிப்பொறியைப் பத்து மடங்கு வேகமாக்குவோம்' என்று சொல்லி உள்ளே புகுந்து தாமே இடத்தை அடைத்துக்கொள்ளும் நிரல்கள் என்று பட்டியல் நீளும். இந்தக் கடைசி வகையை நான் கண்ட இடத்தில் நீக்கிவிடுவேன்.

"டிஃப்ராக் போடுவதில் காசா பணமா? போட்டுத்தான் பார்ப்போமே" என்று சொல்பவர்களுக்கு இப்போது வருகிறேன். 2009-ஆம் ஆண்டு நான் பணியாற்றிய பள்ளியின் அலுவலகத்தில் ஒரு கணிப்பொறி இருந்தது. அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் எல்லாம் அதில்தான். சில நாட்களாக அது மிகவும் மந்தம். கோப்பைத் திறந்தால் இடையிடையே நின்று நின்று போகும். வட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஒலியும் வந்தது. எழுத்தர் என்னை அழைத்தார். நான் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மாலை ஐந்து மணிக்கு டிஃப்ராக்கைத் தொடங்கிவிட்டு, "ராத்திரி முழுக்க ஓடட்டும், காலையில் பாருங்கள்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் கணிப்பொறி எழவேயில்லை.

நடந்தது இதுதான். அந்த வட்டின் பரப்பில் சில இடங்கள் கெட்டுப்போயிருந்தன. கெட்ட இடத்தைப் படிக்க முடியாதபோது வட்டு விட்டுவிடாது. திரும்பத் திரும்ப முயலும். ஒரு துண்டுக்கே பல விநாடிகள் போகும. நாங்கள் 'மந்தம்' என்று எண்ணியது உண்மையில் அந்த வட்டின் மரண வேதனை. அந்த நிலையில் அதற்குத் தர வேண்டியது ஓய்வு. முக்கியமான கோப்புகளை மட்டும் மெல்ல நகலெடுத்துக்கொண்டு அணைத்திருக்க வேண்டும். நானோ வட்டின் பெரும்பகுதியைப் படித்து, தூக்கி, வேறிடத்தில் எழுதும் வேலையை இரவு முழுவதும் அதன் தலையில் கட்டினேன். சாகக் கிடப்பவரை எழுப்பி மூட்டை தூக்க வைத்ததற்கு ஒப்பாகும். வேறு எங்கும் நகல் இல்லை. ஆசிரியர்கள் விடைத்தாள்களைத் தேடிப் பிடித்து மதிப்பெண்களை மறுபடி எழுதினார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பிரிவின் தாள்களை அதற்குள் மாணவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். சிலர் வீட்டில் அவை அடுப்புக்கே போய்விட்டன. ஒருவரும் என்னைக் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆகவே 'போட்டுத்தான் பார்ப்போமே' என்பதை நான் ஏற்பதில்லை. நல்ல வட்டில் அது பெரிய கேடு செய்யாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுழலும் வட்டு நலமாக இருந்து, காலி இடம் போதிய அளவு இருந்து, சிதறல் மிகுந்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், பலன் இருக்கும். ஆனால் நலமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

இன்னொரு ஐயமும் எழலாம். "சார், நான் டிஃப்ராக் போட்டேன், உண்மையிலேயே வேகமானதே!" என்று என்னிடம் சொன்ன மாணவர்கள் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் டிஃப்ராக் முடிந்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணினேன்" என்பார்கள். ரீஸ்டார்ட் செய்தாலே, பல நாட்களாக நினைவகத்தை அடைத்துக்கொண்டிருந்த நிரல்கள் வெளியேறிவிடும், பொறி சுறுசுறுப்பாகும். அல்லது, ஒரு நிரலை இரண்டாம் முறை திறந்து பார்த்திருப்பார்கள். முதல் முறை படித்தது நினைவகத்திலேயே இருப்பதால் இரண்டாம் முறை எப்போதும் வேகம்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வேதியியல் ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களை மாற்றிவிட்டு, விளைவுக்கு எது காரணம் என்று சொல்வீர்களா? இங்கும் அப்படியே. முதலில் வெறுமனே ரீஸ்டார்ட் செய்து, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உலாவி முழுமையாகத் திறக்க எத்தனை விநாடி என்று குறியுங்கள். ஷட் டவுன் போதாது. விண்டோஸ் 8-க்குப் பிந்தியவை ஷட் டவுனில் முழுதும் துடைத்துவிடுவதில்லை, ரீஸ்டார்ட்டே வேண்டும். இதை மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு டிஃப்ராக். பிறகு மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி மூன்று முறை. இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் டிஃப்ராக்கின் பங்கு. எங்கள் அறையில் ஒரு பழைய பொறிக்கு மாணவர்கள் இப்படி அளந்தார்கள். டிஃப்ராக்கினால் சற்றே குறைந்தது உண்மை. ஆனால் அதில் சுழலும் வட்டை எடுத்துவிட்டுத் திட வட்டு ஒன்றைப் பொருத்தியபோது, கடிகாரம் வைத்திருந்த பையன் தொடங்கிய நேரத்தைக் குறிக்க மறந்துபோய் இன்னொரு முறை செய்யச் சொன்னான். அவன் பென்சில் எடுப்பதற்குள் பொறி எழுந்துவிட்டது.

சென்ற பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அண்ணனின் பழைய மடிக்கணிப்பொறியைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தாள். "ரொம்ப ஸ்லோ சார். டிஃப்ராக் போட்டுடலாமா?" என்றாள். இம்முறை நான் முதலில் காதை அருகில் வைத்துக் கேட்டேன். டாஸ்க் மேனேஜரில் நினைவகம் பாதிகூட நிரம்பவில்லை. வட்டு மட்டும் 100 விழுக்காடு, ஆனால் படிக்கும் அளவோ மிகச் சொற்பம். ஒவ்வொரு வட்டும் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதைப் படித்துக் காட்டும் சிறு நிரலைப் போட்டுப் பார்த்தோம். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்கள் என்ற வரிசையில் இருந்த எண் பூச்சியமல்ல. அவளையே கேட்டேன்: "இதில் தொலையக் கூடாதது எது?" அண்ணனின் கல்லூரிச் சான்றிதழ் நகல்கள், பாட்டியின் படங்கள் என்றாள். அவற்றை முதலில் எடுத்தோம். ஒரு மாலைப் பொழுது முழுதும் ஆயிற்று. பாட்டியின் படங்களில் மூன்று திறக்கவில்லை. மற்றவை எல்லாம் வந்துவிட்டன.

அந்த வட்டு இப்போது என் மேசை இழுப்பறையில், 2009-ஆம் ஆண்டு வட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி ஒன்பதாம் வகுப்பு என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கேற்ற சிறிய நட்சத்திர வாய்த் திருப்புளி கிடைத்ததும் செய்யலாம் என்றிருக்கிறேன்.